ஓய்வுக்காலத்தில் ஒரு கமரா: மலையகத்து உயிரினங்களைப் படம்பிடித்துப் பெயர் கண்டறியும் முறை

தோட்டப்பகுதித் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரியும்: ஒரே தோட்டத்தில் நான்கு ராமசாமிகள் இருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்து ஆளைத் தேடினால் கடிதம் தவறான லயத்துக்குத்தான், அதாவது தவறான தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குத்தான், போய்ச் சேரும். எந்த டிவிசன், மேட்டு லயமா பணிய லயமா, யாருடைய மகன் என்று விசாரித்துக்கொண்டு வந்து, கடைசியில்தான் பெயருக்கு வர வேண்டும். ஓய்வுபெற்ற பின்னர் அப்புத்தளையில் வீட்டைச் சுற்றியிருந்த பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் படம்பிடிக்கத் தொடங்கிய நான், முப்பது வருடம் கைப்பழக்கமாக இருந்த அந்த முறையே இங்கும் செல்லும் என்பதை உணர இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடத்தை மற்றவர்கள் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பெயருக்கு முன் விலாசம் என்பதே அந்த முறை. ஓர் உயிரினத்தை எங்கே, எத்தனை மீற்றர் உயரத்தில், எந்த மாதத்தில், எந்தச் செடியின்மேல், என்ன செய்துகொண்டிருக்கக் கண்டோம் என்பதை முதலில் எழுதிக்கொண்டால், பெயர்ப்பட்டியலில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும். மலையகத்தில் உயரம் மாறினால் குடிகளும் மாறுவதால் இம்முறை இங்கே கூடுதலாகப் பயன்தரும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலும், ஹட்டன் 1,200 மீற்றருக்குச் சற்று மேலேயும், நுவரெலியா 1,868 மீற்றரிலும் இருக்கின்றன. ஒரே நாளில் பஸ்ஸில் ஏறி இறங்கிவிடக்கூடிய இந்த மூன்று ஊர்களின் பறவைப் பட்டியல்களும் ஒன்றல்ல. மலைநாட்டுக்கே உரிய மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியைக் கொழும்பு முற்றத்தில் கண்டதாக ஒருவர் சொன்னால், படத்தைப் பார்க்காமலேயே விலாசம் பிழை என்று சொல்லிவிடலாம். கைத்தொலைபேசியில் உயரத்தைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கமராவின் திகதியையும் நேரத்தையும் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதியக்காரரிடம் இருப்பது பணமல்ல, நேரம். ஆகவே தொலைதூரப் பயணங்களைத் திட்டமிடுவதற்கு முன், வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் இரண்டு தடவையாவது அதே இடத்துக்கு ஒரு வருடம் போய்வரும்படி சொல்வேன். ஓர் ஓடை, ஓரமாகக் கொஞ்சம் காடு, தேயிலை மலைக்குள் நிற்கும் நாலைந்து முள்முருங்கை மரங்கள் போதும். முள்முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும் மாதங்களில் அதன் அடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தால், மைனாக்களும் தேன்சிட்டுகளும், அதிர்ஷ்டமிருந்தால் சிவப்புத் தலையுடைய சின்னக் கிளியும் தாமாகவே வந்து சேரும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேட்டை கிடையாது.

கருவிகள்

கமராவைப் பற்றி மக்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். லென்ஸ் மாற்றும் பெரிய கமராவும் 400 மில்லிமீற்றர் லென்ஸும் சிறந்த படம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் ஏற வேண்டியவர் நீங்கள்தான். லென்ஸ் கழற்ற முடியாத, தூரத்தை வெகுவாக இழுத்துக்காட்டும் கமராக்கள் எங்கள் வயதுக்கு ஏற்றவை. 83 மடங்கு இழுக்கும் நிக்கோன் பி950 ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான். அதற்கு முந்திய பி900 பழைய விலைக்குக் கிடைத்தாலும் வாங்கலாம். அத்துடன் எட்டு மடங்கு பெரிதாக்கும் ஒரு தொலைநோக்கி, மழைக்குத் தாங்கும் உறையுள்ள ஒரு சிறு குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். பேனை மை மலைநாட்டு மழையில் கரைந்துவிடும். வண்ணத்துப்பூச்சிக்கும் ஓணானுக்கும் கைத்தொலைபேசிக் கமராவே பல சமயங்களில் போதுமானது.

அமைப்புகளில் மூன்றை மட்டும் கற்றுக்கொண்டால் முதல் வருடத்தைக் கடத்தலாம். ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு விநாடியில் 500இல் ஒரு பங்கும், பறக்கும் பறவைக்கு 2,000இல் ஒரு பங்கும் இருக்கட்டும். மூடுபனி நாளில் வெளிச்சம் போதாமல், கமரா ஒளியை உணரும் திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ எண் 1600 வரை ஏறினால் அஞ்ச வேண்டாம். படம் மணல் தூவியதுபோல் இருந்தாலும் இனம் தெரியும், அசைந்த படத்தில் ஒன்றுமே தெரியாது. மூன்றாவது, கமரா தானாகக் கணிக்கும் வெளிச்சத்தை நாமாகக் கூட்டிக் குறைக்கும் வெளிச்ச ஈடு: வெண்கொக்கு போன்ற வெள்ளைப் பறவைக்கு ஒரு படி குறைத்தும், வெளிறிய வானத்தின் முன் கிளையில் நிற்கும் கறுத்த பறவைக்கு ஒரு படி கூட்டியும் வைக்க வேண்டும். இந்த மூன்றாவதைக் கவனிக்காததால்தான் எனது ஆரம்பகாலப் படங்களில் பாதி, வானத்தின் முன் வெட்டி ஒட்டிய கரிக்கடதாசி போல இருக்கின்றன.

ஈரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் கமராவின் முதல் எதிரி அதுதான். எனது முதல் கமராவைப் பத்திரமாக வைப்பதாக நினைத்துத் தோலுறைக்குள் போட்டு, அலுமாரியில் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது படங்கள் எல்லாம் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தன. கண்டியில் திருத்துபவர் ஒருவர் லென்ஸை விளக்கின் முன் சரித்துக் காட்டினார். கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி நூலை விடவும் மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டதால் துடைத்தும் தழும்பு போகவில்லை. தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கமராவை வைக்கிறேன். அந்த மணிகள் நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்துகிறேன். குளிரில் அலைந்துவிட்டு அடுப்பெரியும் குசினிக்குள் நேரே கமராவைக் கொண்டுபோக வேண்டாம். பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருந்து அது சூட்டுக்குப் பழகட்டும்.

அழகுப்படத்துக்கு முன் அடையாளப்படம்

ஓர் உயிரினத்தைக் கண்டதும், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு பத்து அடி நெருங்கி ஒன்று, இன்னும் பத்து அடி நெருங்கி ஒன்று என்று போகலாம். முதலிலேயே அழகான படம் வேண்டும் என்று நெருங்கப்போய், ஒரு படமும் இல்லாமல் திரும்பிய நாட்கள் எனக்குப் பல உண்டு. பறவையென்றால் பக்கவாட்டு, முதுகு, வயிறு, வாலின் அடிப்புறம் என்று கிடைத்த கோணமெல்லாம் தேவைப்படும். வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டும் வேண்டும்; உடலையும் விட்டுவிடக் கூடாது. ஓணான் வகைகளுக்குத் தலையின் பக்கவாட்டுப் படமே முக்கியம். மண்ணில் பதிந்த காலடித் தடத்தைப் படம்பிடிப்பதானால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள், இல்லாவிட்டால் அளவு தெரியாது. நாயின் தடத்தில் நகக்குறி இருக்கும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் அது பெரும்பாலும் இராது.

உடலைக் கவனிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் வீட்டுத் தேசி மரம் எனக்குக் கற்பித்தது. கறுத்த சிறகில் சிவப்புப் பொட்டுகளும் வெள்ளைத் திட்டும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று காலைவேளைகளில் அந்த மரத்தைச் சுற்றி வந்தது. நான் அதைச் சிவப்புடல் அழகி என்று எழுதிக்கொண்டு, அடுத்தடுத்து ஏழு பக்கங்களில் அதே பெயரைப் பதிந்தேன். ஒரு நாள் அது இளந்தளிர் ஒன்றின் நுனியில் வயிற்றை வளைத்து, கடுகளவு மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிற்று. சிவப்புடல் அழகி தேசி மரத்தில் முட்டையிடுவதில்லை. அது ஈசுரமூலிக் கொடியைத் தேடிப் போகும். பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, உடம்பு சிவப்பாக இல்லாமல் கறுப்பாகவே இருந்தது. எங்கள் முற்றத்துக்கு வந்தது கறிவேப்பிலை அழகியின் பெண். ஈசுரமூலியைத் தின்று வளர்ந்த பூச்சியின் உடலில் நஞ்சு இருப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அந்தப் பாதுகாப்பைத் தானும் பெறவே, நஞ்சில்லாத இந்தப் பெண் அதன் வேடத்தைப் போட்டுக்கொள்கிறது. வேடம் சிறகு வரைக்கும்தான், உடம்புக்குச் சாயம் பூசவில்லை. ஏழு பக்கங்களையும் சிவப்புப் பென்சிலால் திருத்தினேன். விலாசத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்த்ததன் கூலி அது.

இதே கண்ணோடு பார்த்தால் வேறு பல இரட்டையர்களையும் பிரித்துவிடலாம். தோட்டத்துச் சேவலும் காட்டுச்சேவலும் தேயிலை ஓரத்தில் ஒரே சாயலில் ஓடி மறையும். இலங்கைக் காட்டுச்சேவலின் சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு இருக்கும், வீட்டுச்சேவலுக்கு அது கிடையாது. வெள்ளைக்கண்ணிக் குருவிகளில் இரண்டு வகை உண்டு: தாழ்நிலம் உட்படப் பல இடங்களிலும் காணப்படும் வெளிர்ந்த வகை ஒன்று, மலைநாட்டுக்கே உரிய, சற்றுப் பெரிய, கரும்பச்சை முதுகுள்ள வகை மற்றொன்று. மலை மைனாவைக் கண்டால் தலையின் பின்புறம் தொங்கும் மஞ்சள் தோலைப் பாருங்கள். பிடரியில் மட்டும் ஒரு சோடி இருந்தால் அது இலங்கைக்கு மட்டும் உரியது, கண்ணுக்குக் கீழேயும் மஞ்சள் இருந்தால் அது மற்ற வகை மலை மைனா. நிறம் மாறும் ஓணானையெல்லாம் எங்கள் ஆட்கள் பச்சோந்தி என்கிறார்கள். உண்மையான பச்சோந்தி இலங்கையில் வறண்ட தாழ்நிலத்தில் வாழ்வது. மலைநாட்டில் தலை சிவந்து நிற்பது ஓணான்தான்.

பெயர்களிலேயே ஒரு சிக்கல் உண்டு. இங்கே நாங்கள் மரை என்று சொல்வதைத் தமிழ்நாட்டு நூல்கள் கடமான் என்கின்றன. லயத்தில் புலி என்று சொல்லப்படுவது சிறுத்தை. ஆகவே குறிப்பேட்டில் ஊர்ப்பெயரை எழுதும்போது விலங்கியற் பெயரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

யாரிடம் கேட்பது

முதலில் கேட்க வேண்டியது கொழுந்து பறிக்கும் பெண்களிடம். எந்தச் செடியில் பச்சை விரியன் சுருண்டிருக்கும், எந்தக் கானில் காட்டுப்பன்றி இறங்கும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன் நிர்வாகத்திடம் அனுமதி கேட்பதும், அங்கே வேலை செய்பவர்களின் முகம் படத்தில் விழுவதானால் அவர்களைக் கேட்டுக்கொள்வதும் மரியாதை. “அக்கா, இந்தக் குருவி தெனம் இங்க வருமா?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், மற்றது தானாக வரும்.

அடுத்தது செயலிகள். பறவைகளுக்கு மெர்லின், எல்லா உயிரினங்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட், பறவைப் பட்டியலைப் பேண ஈபேர்ட். மெர்லின் குரலைக் கேட்டும் பெயர் சொல்லும்; ஆனால் அது சொல்வது ஊகம், தீர்ப்பல்ல. ஐநேச்சுரலிஸ்டில் நீங்கள் ஏற்றும் படத்தை மற்றவர்கள் பார்த்துப் பெயரை உறுதிசெய்வார்கள் அல்லது மறுப்பார்கள். திருத்தப்பட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். 1976இல் தொடங்கப்பட்டுக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கை வெளிக்களப் பறவையியற் குழுவின் கூட்டங்களுக்கும் ஆர்வலர்கள் போய்வரலாம்.

பயணங்களும் பருவங்களும்

ஒரு வருடம் வீட்டருகே பழகிய பின் வெளியே போகலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும்போது அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஆண்டின் கடைசியில் வடகீழ் மழை வரும்போது எங்கள் பக்கம் நனையும். வலசைப் பறவைகளைப் பார்ப்பதற்கு ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான காலமே உகந்தது.

நடக்க முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது நுவரெலியா விக்டோரியா பூங்காவை. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டிப் பெயரிடப்பட்ட அந்தப் பூங்காவில், நகரத்துச் சத்தத்துக்கு நடுவே, ஓடையோரத்து இருளான மூலைகளில், இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் இரை தேடிக்கொண்டிருக்கும். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தால் போதும். பக்கத்திலேயே உள்ள கல்வேஸ் லேண்ட், 2006இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சிறு காடு. ஹக்கலைப் பூந்தோட்டத்தில் அடர்ந்த உரோமமுள்ள கரடிக்குரங்கைக் காணலாம்.

ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே உள்ளது. பட்டிப்பொலை, ஒஹியா என இரு வழிகளால் போகலாம். வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை சுற்றிவரும் ஒன்பது கிலோமீற்றரையும் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாசலுக்கு அருகிலுள்ள பாதையோரப் புதர்களில் பொறுமையாகத் தேடினால், மூக்கின்மேல் கொம்புள்ள ஓணானும், கன்னம் கறுத்த பச்சை ஓணானும் கிடைக்கும். குளிரில் அவை வெயில் வரும்வரை அசைவதில்லை. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் படமெடுப்பது சுலபம். நுவரெலியாவிலிருந்து போகும் வழியிலுள்ள அரெங்காக் குளம், இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் பழைய பெயரால் வழங்குகிறது. பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் வெளிப்படும் அந்தக் கருநீலப் பறவையை நான் மூன்று பயணங்களில் ஒரே ஒரு தடவை, அதுவும் முதுகுப்புறமாகத்தான் கண்டேன்.

எச்சரிக்கைகள்

அட்டை பெரிய ஆபத்தல்ல. நீண்ட காலுறையும், காலில் தேய்த்த சவர்க்காரமும் போதும். மலையகத்தில் அஞ்ச வேண்டியது குளவிக்கே. தேயிலை மலைகளில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி வராத வருடமில்லை. உயர்ந்த மரக்கிளையிலோ பாறையிலோ கூடு தெரிந்தால் படம் வேண்டாம், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். பாம்பை எந்த நிலையிலும் கையாள வேண்டாம், இழுத்துக்காட்டும் லென்ஸ் இருப்பதே அதற்காகத்தான். கடித்துவிட்டால் கடித்த காலை அசைக்காமல், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியாகப் போவதானால் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நம்மால் அவற்றுக்கு வரும் ஆபத்தும் உண்டு. கூட்டுக்கு அருகில் நிற்பது, தொலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பது, மரைக்குத் தீனி போடுவது ஆகிய மூன்றையும் நான் கண்டிக்கிறேன். இரவில் தேவாங்கின் பெரிய கண்களுக்கு ஃபிளாஷ் அடிப்பது கொடுமை. ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்துபோயிற்று என்று நெடுங்காலம் எண்ணப்பட்டிருந்து, அதன் படம் வெளியான செய்தி 2010இல்தான் வந்தது. அப்படிப்பட்ட ஓர் உயிரைக் கண்டால் சரியான இடத்தை முகநூலில் எழுதாதீர்கள். சுருக்குக் கம்பி வலைகளைக் கண்டால் படமெடுத்து வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் நடைமுறையில் இருப்பதால், படமெடுக்க வசதியாக ஒரு தவளையைப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதும் உங்களைச் சிக்கலில் மாட்டக்கூடும்.

கோப்புகள்

அன்று எடுத்த படங்களை அன்றிரவே பாருங்கள். நூறில் தொண்ணூறை அழித்துவிட்டு, மீதியை ஆண்டு, மாதம், நாள், இடம், பெயர் என்ற ஒழுங்கில் பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். பெயர் தெரியாதவற்றை மட்டும் அழிக்காதீர்கள். தபாற்கந்தோரில் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத கடிதங்களுக்குத் தனிப் பெட்டி இருந்ததுபோல, என் கணினியிலும் அவற்றுக்கு ஒரு தனிக் கோப்புறை இருக்கிறது. புதிதாக ஏதாவது கற்றுக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்து ஒரு சுற்றுப் பார்ப்பேன். போன வருடம் அதிலிருந்து பதினொரு படங்கள் வெளியே போயின. கட்டைவிரல் நகமளவுள்ள ஒரு புதர்த்தவளை நான்கு வருடமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தவளைகளில் பல வாற்பேத்தைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வெளிவருபவை என்பதையும், அவற்றைப் படத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம், குரலும் வேண்டும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். வருகிற மழைக்கு அதே ஓடைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டும்.